பஞ்சுக்குப் போட்ட பாதை

1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, இங்கிலாந்தின் வடமேற்கில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 31 மைல், ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1825 செப்டம்பர் 27இல், ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டிருந்தது. முதல் பொது ரயில் பாதை என்ற பெயர் அதற்கே பெரும்பாலும் தரப்படுகிறது. ஆனால் அங்கே நீராவி எஞ்சின்கள் முக்கியமாக இழுத்தது நிலக்கரியை. பயணிகள் ஏறிய பெட்டிகளைப் பல ஆண்டுகள் குதிரைகளே இழுத்தன. கட்டணம் செலுத்தியவர் தம்முடைய வண்டியையும் குதிரையையும் கொண்டுவந்து தண்டவாளத்தில் ஓட்டிக்கொள்ளவும் முடிந்தது. லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை வேறு வகை. இரண்டு பெருநகரங்களை இணைத்தது. போக ஒரு வழி, வர ஒரு வழி என்று முழுநீளமும் இரட்டைத் தண்டவாளம். கம்பெனியின் எஞ்சின்கள், கம்பெனியின் பெட்டிகள், கம்பெனியின் ஆட்கள், குறித்த நேரத்தில் புறப்படும் வண்டிகள். இன்று ரயில்வே என்ற பெயரில் அறியப்படும் ஏற்பாடு முழுமையாக ஒன்றுசேர்ந்தது இங்கேதான்.

லிவர்பூல் துறைமுக நகரம், மான்செஸ்டர் ஆலை நகரம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தி லிவர்பூலில் பொதி பொதியாக இறங்கியது. மான்செஸ்டரிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அது நூலாகித் துணியாகி, மறுபடியும் லிவர்பூலுக்கு வந்து கப்பலேறியது. இந்தியச் சந்தையில் மலிவு விலைக்கு வந்து இறங்கி, இங்குள்ள நூற்பவர்களையும் நெசவாளர்களையும் நொடித்துப் போகச் செய்த லங்காஷயர் ஆலைத் துணி இதுவே.

இரு நகரங்களுக்கும் நடுவே சரக்கு போக இரண்டு நீர்வழிகள் இருந்தன. ஒன்று மெர்சி, இர்வெல் ஆறுகளைச் சீர்படுத்தி அமைத்த வழி. மற்றது பிரிட்ஜ்வாட்டர் பிரபு வெட்டிய கால்வாய். இரண்டும் தோன்றிய காலத்தில் பெரிய உதவியாக இருந்தவைதான். ஆனால் ஆலைகள் பெருகிய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் படகு தட்டும், குளிர்காலத்தில் உறைந்தால் நின்றுவிடும். போட்டி இல்லாததால் கட்டணமும் உயர்ந்துகொண்டே போனது. அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் பருத்திக்கு, லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வந்து சேரச் சில வேளைகளில் கடல் பயணத்தைவிட அதிக நாள் பிடிக்கிறது என்று வணிகர்கள் புகார் சொன்னார்கள். லிவர்பூல் தானிய வணிகர் ஜோசஃப் சாண்டர்ஸ், மான்செஸ்டர் நூற்பாலை அதிபர் ஜான் கென்னடி போன்றவர்கள் கூடி 1824இல் ரயில் கம்பெனிக்கு அடித்தளம் போட்டார்கள்.

பாதைக்கான முதல் நில அளவையை வில்லியம் ஜேம்ஸ் தொடங்கியிருந்தார். கடன் சுமையால் அவர் சிறைக்குப் போக நேர்ந்ததால், பொறுப்பு ஜார்ஜ் ஸ்டீபன்சனிடம் வந்தது. 1781இல் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் ஸ்டீபன்சன். தந்தை சுரங்க எஞ்சினுக்குக் கரி போட்டவர். மகன் பள்ளிக்கூடம் போனதில்லை. பதினெட்டு வயதில்தான் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியே பொறியியலைக் கற்றவர். டார்லிங்டன் பாதையைக் கட்டிப் பெயர் பெற்றிருந்தாலும், அளவை வேலையில் அவருக்கு அத்தனை தேர்ச்சி இல்லை.

அந்தக் குறை நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. புதிய பாதைக்கு நிலம் எடுக்க வேண்டுமானால் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். கால்வாய் உரிமையாளர்களும், டெர்பி பிரபு, செஃப்டன் பிரபு போன்ற பெருநிலக்கிழார்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அளவையாளர்களைத் தங்கள் நிலத்தில் கால்வைக்க விடாமல் காவலாட்கள் விரட்டினார்கள். ஸ்டீபன்சனின் ஆட்கள் ஒளிந்து மறைந்து எடுத்த அளவுகளில் பிழைகள் மலிந்திருந்தன. 1825இல் நாடாளுமன்றக் குழுவின் முன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் ஆல்டர்சன் அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, இர்வெல் ஆற்றின் மேல் எழுப்பவிருந்த பாலத்தின் உயரத்தைக்கூட அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வட இங்கிலாந்துச் சுரங்கப் பேச்சு வழக்கு வேறு அவையோருக்குப் புரியவில்லை. மசோதா வீழ்ந்தது.

கம்பெனி ஸ்டீபன்சனை ஒதுக்கிவிட்டு ரென்னி சகோதரர்களை அமர்த்தியது. அவர்கள் சார்ல்ஸ் விக்னோல்ஸைக் கொண்டு வேறு தடத்தில் புதிதாக அளந்தார்கள். பிரபுக்களின் வேட்டைக் காடுகளை முடிந்தவரை விலக்கிச் சென்றது புதிய தடம். இதைவிட முக்கியமான திருப்பம் பண விஷயத்தில் நேர்ந்தது. பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் வருமானத்தை அனுபவித்து வந்த ஸ்டாஃபர்ட் பிரபு ரயில் கம்பெனியின் 1,000 பங்குகளை வாங்கிக்கொண்டார். எதிர்ப்பின் முதுகெலும்பு அத்தோடு முறிந்தது. 1826 மே மாதம் சட்டம் நிறைவேறியது. கட்டுமானப் பொறுப்பு சில வாரங்களில் மறுபடியும் ஸ்டீபன்சனிடமே வந்து சேர்ந்தது.

நான்கு ஆண்டுகளில் முடிந்த அந்தக் கட்டுமானம் அன்றைய நிலையில் வியப்புக்குரியது. டைனமைட் கண்டுபிடிக்கப்படாத காலம். கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை ஆகியவையே கருவிகள். லிவர்பூல் நகரத்துக்கு அடியில் துறைமுகம் வரை ஒன்றேகால் மைல் நீளத்துக்குச் சுரங்கப்பாதை குடைந்தார்கள். ஆலிவ் மவுண்ட் என்ற இடத்தில் செம்பாறையைச் சுமார் இரண்டு மைல் தூரத்துக்கு வெட்டி இறக்கினார்கள். சில இடங்களில் ஆழம் 70 அடிக்கும் மேல். சாங்கி பள்ளத்தாக்கில் ஓடிய கால்வாயில் பாய்மரப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. பாய்மரம் தட்டாமல் படகு போக வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றும் 50 அடி அகலமான ஒன்பது வளைவுகளுடன் 60 அடிக்கு மேல் உயர்ந்த பாலம் எழுந்தது. சிறிதும் பெரிதுமாகப் பாலங்கள் மட்டும் அறுபதுக்கு மேல்.

இவை எல்லாவற்றையும்விடச் சோதித்தது சாட் மாஸ் சதுப்பு நிலம். மான்செஸ்டருக்கு மேற்கே சுமார் 12 சதுர மைல் பரந்து கிடந்த ஈரக் கரும்பொதி அது. மக்கிய தாவரங்கள் நீரில் ஊறி ஆழமாகப் படிந்த நிலம். ஆள் நடந்தால் முழங்கால் வரை புதையும். பாதை அதன் மேல் ஏறத்தாழ நாலேமுக்கால் மைல் போக வேண்டியிருந்தது. இதன் குறுக்கே ரயில் விடுவது பைத்தியக்காரத்தனம் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் பொறியாளர்களே சாட்சி சொல்லியிருந்தார்கள். முதலில் அவர்கள் சொன்னது போலத்தான் நடந்தது. கரை எழுப்பக் கொட்டிய மண் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உள்ளே போய் மறைந்துகொண்டே இருந்தது. வேலையைக் கைவிடலாமா என்று இயக்குநர்கள் கூடிப் பேசினார்கள்.

ஸ்டீபன்சன் சதுப்பின் அடித்தரையைத் தேடிப் போகவில்லை. பாதையை அதன் மேலேயே மிதக்க விடுவது என்று முடிவு செய்தார். புதர்ச்செடிகளையும் மரக்கிளைகளையும் படல்களாகப் பின்னி அடுக்கடுக்காகப் பரப்பி, அதன் மேல் மணலும் சரளையும் போட்டு, மரக்கட்டைகளில் தண்டவாளத்தைப் பதித்தார்கள். தெப்பத்தின் மேல் தேர் நிற்பது போல எடை ஓரிடத்தில் அழுந்தாமல் பரவி நின்றது. இருபுறமும் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிய வாய்க்கால் மறுபடி மூடிக்கொண்ட இடங்களில், பழைய தார்ப் பீப்பாய்களின் அடிப்பாகத்தை நீக்கி, ஒன்றோடொன்று பொருத்திக் குழாயாகப் புதைத்து நீரை வடித்தார்கள். பள்ளிக்கூடம் பார்க்காத ஒருவரின் கைத்திறமை, படித்த பொறியாளர்கள் முடியாது என்று கைவிரித்த இடத்தில் பாதை போட்டது. அளவைப் பிழையால் ஸ்டீபன்சன் இழந்த பெயரை மீட்டுத் தந்தது சாட் மாஸ்தான்.

பாதை உருவாகிக்கொண்டிருக்க, அதில் வண்டியை எது இழுப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இன்று வாசிப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 1829இல் ஓடும் எஞ்சின் என்பது மெதுவானது, அடிக்கடி பழுதாவது, நிலக்கரிச் சுரங்கத்துக்கு மட்டுமே ஏற்றது என்ற கருத்து வலுவாக இருந்தது. பாதையோரம் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாக நிலையான நீராவி இயந்திரங்களை நிறுத்தி, கயிறு கட்டி வண்டிகளை இழுக்கலாம் என்று கம்பெனி அமர்த்திய இரு நிபுணர்கள் அறிக்கை தந்தார்கள். அந்த யோசனை ஏற்கப்பட்டிருந்தால் ஒரு கயிறு அறுந்தாலும் பாதை முழுவதும் நின்றிருக்கும். ஸ்டீபன்சனும் கம்பெனியின் பொருளாளர் ஹென்றி பூத்தும் விடாமல் வாதாடியதன் பலனாக, போட்டி வைத்துப் பார்த்துவிடுவது என்று இயக்குநர்கள் தீர்மானித்தார்கள். பரிசு 500 பவுண்டு.

1829 அக்டோபர் 6ஆம் தேதி ரெயின்ஹில்லில் போட்டி தொடங்கியது. எஞ்சின் 6 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது. தன் எடையைப் போல மூன்று மடங்கை இழுக்க வேண்டும். சராசரியாக மணிக்கு 10 மைல் வேகத்துக்குக் குறையக் கூடாது. குறுகிய தடத்தில் முன்னும் பின்னுமாக ஓடி, லிவர்பூல்–மான்செஸ்டர் போக்குவரவுத் தூரத்தை முடிக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்ட கூட்டத்தின் முன் ஐந்து வண்டிகள் வந்து நின்றன. ஒன்றான ‘சைக்ளோபெட்’ உண்மையில் எஞ்சினே அல்ல. பட்டைமேல் குதிரை நடக்க நடக்கச் சக்கரம் சுழலும் வண்டி. அது சீக்கிரமே விலகியது. பர்ஸ்டாலின் ‘பெர்ஸவியரன்ஸ்’ தேவையான வேகத்தை எட்டவில்லை. திமோதி ஹாக்வொர்த்தின் ‘சான் பரேல்’ எடை வரம்பை மீறியது. ஓடும்போது சிலிண்டரும் விரிசல் விட்டது. பிரெய்த்வெயிட்டும் எரிக்சனும் செய்த ‘நாவல்டி’ முதல் நாளில் மணிக்கு 28 மைல் வேகத்தில் பறந்து கூட்டத்தின் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் குழாய்கள் அடுத்தடுத்து உடைந்து முடங்கியது. தூரம் முழுவதையும் ஓடி முடித்தது ஜார்ஜின் மகன் ராபர்ட் ஸ்டீபன்சன் நியூகாசிலில் கட்டிய ‘ராக்கெட்’ ஒன்றே. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 12 மைல். உச்ச வேகம் 30 மைலை நெருங்கியது.

ராக்கெட்டின் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல, அதன் கொதிகலனில் இருந்தது. பழைய எஞ்சின்களில் நெருப்பின் சூடு ஒரே பெரிய குழாய் வழியே கொதிகலனைக் கடந்து புகைபோக்கிக்குப் போய்விடும். பாதி வெப்பம் வீண். ராக்கெட்டில் 25 செப்புக் குழாய்கள் நீருக்குள்ளே ஓடின. சூடான புகை அத்தனை குழாய்களிலும் பிரிந்து செல்ல, நீரைத் தொடும் பரப்பு பல மடங்காகி நீராவி விரைவாகப் பெருகியது. இந்த யோசனையைத் தந்தவர் பொறியாளரே அல்லாத ஹென்றி பூத். பிரான்சில் மார்க் சேகன் தனியாக இதே முறையைக் கண்டடைந்திருந்தார். வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பாய்ச்சியதால் நெருப்புக்குக் காற்று இழுக்கப்பட்டு, எஞ்சின் வேகமாக ஓட ஓட நெருப்பும் கொழுந்துவிட்டது. நீராவி எஞ்சின்கள் கட்டப்பட்ட கடைசிக் காலம் வரை இந்த இரண்டு அம்சங்களும் மாறவில்லை. கயிற்று யோசனை மறைந்தது. ராக்கெட் வகை எஞ்சின்களைக் கம்பெனி உடனே மேலும் வாங்கியது.

திறப்பு விழா நாளில் எட்டு ரயில்கள் லிவர்பூலிலிருந்து புறப்பட்டன. சுமார் 600 விருந்தினர்கள் பயணம் செய்தார்கள். தென்புறத் தண்டவாளம் முழுவதும் ஒரே ரயிலுக்காக ஒதுக்கப்பட்டது. பிரதமர் வெலிங்டன் பிரபுவும் முக்கிய விருந்தினர்களும் ஏறிய அந்த ரயிலை ‘நார்தம்பிரியன்’ எஞ்சின் இழுத்தது. ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். மற்ற ஏழும் வடபுறத் தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வழிநெடுகக் கூட்டம்.

ஏறத்தாழ 17 மைல் கடந்ததும், பார்க்சைடு என்ற இடத்தில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டிகள் நின்றன. பெட்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று முன்பே அறிவித்திருந்தும், பலர் இறங்கித் தண்டவாளங்களில் உலாவினார்கள். அவர்களில் ஒருவர் லிவர்பூலின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன். நாடாளுமன்றத்தில் இந்தப் பாதைக்காக வாதாடியவர் அவர். வெலிங்டனின் அமைச்சரவையிலிருந்து 1828இல் பிணங்கி வெளியேறியவரும்கூட. உடல்நலம் சரியில்லாத நிலையிலும் விழாவுக்கு வந்திருந்தார். பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள நல்ல சந்தர்ப்பம் என்று வெலிங்டனின் பெட்டியருகே சென்று கைகுலுக்கினார்.

அந்த நேரத்தில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஜோசஃப் லாக் ஓட்டி வந்த ராக்கெட் நெருங்கியது. இரண்டு தடங்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுமார் நான்கு அடிதான். பெட்டிகள் தண்டவாளத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்ததால் உண்மையில் ஆள் நிற்கும் இடம் இன்னும் குறைவு. ராக்கெட்டில் பிரேக் கிடையாது. எஞ்சினைப் பின்னோக்கி இயக்கித்தான் நிறுத்த வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். மற்றவர்கள் ஓடி ஒதுங்கினார்கள். ஆஸ்திரியத் தூதர் எஸ்டர்ஹாசியைப் பெட்டிக்குள் தூக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று தடுமாறிய ஹஸ்கிசன் பெட்டியின் கதவைப் பற்றிக்கொண்டார். கதவு வெளிப்புறமாகத் திறந்து அவரை ராக்கெட்டின் பாதையிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. கீழே விழுந்தவரின் கால் சக்கரத்தில் நசுங்கியது.

ஸ்டீபன்சன் நார்தம்பிரியனை வெலிங்டனின் பெட்டிகளிலிருந்து கழற்றி, ஹஸ்கிசனை ஏற்றிக்கொண்டு மான்செஸ்டர் திசையில் விரைந்தார். எக்கிள்ஸ் வரையிலான அந்த ஓட்டத்தில் வேகம் மணிக்கு 36 மைல் அளவில் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். அதற்கு முன் மனிதர் எவரும் வண்டியில் அத்தனை தூரத்தை அந்த வேகத்தில் கடந்ததில்லை. எக்கிள்ஸ் பாதிரியார் இல்லத்தில் அன்றிரவு ஒன்பது மணியளவில் ஹஸ்கிசன் இறந்தார். முதல் ரயில் விபத்து மரணம் இதுவே என்று பல நூல்கள் எழுதுவது சரியல்ல. சுரங்கப் பாதைகளிலும் டார்லிங்டன் பாதையிலும் அதற்கு முன்பே தொழிலாளர்களும் வழிப்போக்கர்களும் இறந்திருக்கிறார்கள். அவர்களின் சாவு செய்தியாகவில்லை, அவ்வளவுதான்.

விழாவை நிறுத்தி லிவர்பூலுக்குத் திரும்பிவிடலாம் என்று வெலிங்டன் விரும்பினார். மான்செஸ்டரில் காத்திருக்கும் கூட்டம் கலவரத்தில் இறங்கக்கூடும் என்று அந்நகர அதிகாரிகள் அஞ்சியதால் பயணம் தொடர்ந்தது. எஞ்சின் இல்லாமல் நின்ற அவரது பெட்டிகளைப் பக்கத்துத் தண்டவாளத்து ரயில்களோடு நீண்ட சங்கிலியால் பிணைத்துச் சிறிது தூரம் இழுக்க வேண்டியிருந்தது. மான்செஸ்டரில் வரவேற்பு இனிமையாக இல்லை. 1819இல் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்த்ததை நகரம் மறக்கவில்லை. தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்த வெலிங்டனை நோக்கி நெசவாளர்களும் கூலிகளும் கூச்சலிட்டார்கள், கல்லும் பறந்தது. அவர் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. திரும்பும் வழியில் எஞ்சின்கள் சில தவறான இடத்தில் சிக்கிக்கொள்ள, எஞ்சியிருந்த மூன்றே எஞ்சின்கள் நீண்ட தொடராகக் கட்டிய பெட்டிகளை மழைத் தூறலில் நடை வேகத்தில் இழுத்தன. விருந்தினர்கள் லிவர்பூல் சேர்ந்தபோது இரவு பத்து மணி கடந்துவிட்டது.

இவ்வளவு குழப்பமும் துக்கமும் நிறைந்த திறப்பு விழா ரயில்வேயின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஹஸ்கிசனின் மரணச் செய்தி நாடெங்கும் பரவியபோது, அடிபட்டவரை எஞ்சின் கொண்டுசென்ற வேகமும் சேர்ந்தே பரவியது. மறுநாள், செப்டம்பர் 16இல், கட்டணம் செலுத்திய பயணிகளுடன் முதல் வண்டி புறப்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மான்செஸ்டர் சேர்ந்தது. குதிரை வண்டிக்கு அதில் இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் 70,000 பேர் பயணம் செய்துவிட்டார்கள். 1831இல் எண்ணிக்கை 4,45,000. இரு நகரங்களுக்கும் நடுவே ஓடிய குதிரை வண்டிகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் மறைந்தன. நவம்பரில் தபால் ரயிலேறியது. அயர்லாந்துக்குப் புறப்பட்ட படைப்பிரிவு ஒன்று, இரண்டு நாள் நடந்து கடக்க வேண்டிய தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்தபோது, அரசும் ரயிலின் பயனை உணர்ந்துகொண்டது.

கம்பெனி பஞ்சுப் பொதிகளை எதிர்பார்த்தே இந்தப் பாதையைக் கட்டியது. சரக்கு ரயில் ஓடத் தொடங்கியதோ டிசம்பரில்தான். அதற்குள் மனிதர்கள் முந்திக்கொண்டார்கள். முதல் ஆண்டுகளில் பயணிகள் வருமானமே சரக்கு வருமானத்தை மிஞ்சி நின்றது. மலிவான வேகம் கிடைத்தால் சாதாரண மக்கள் எத்தனை பேர் ஊர்விட்டு ஊர் போக விரும்புவார்கள் என்பதை வணிகர்களோ அரசோ கணித்திருக்கவில்லை. பங்குதாரர்களுக்கு ஆண்டுதோறும் 9 சதவீதத்துக்கு மேல் ஆதாயம் கிடைத்தது.

முதலீட்டாளர்களை வேறு பாதைகளின் பக்கம் திருப்பியது இந்த ஆதாயமே. 1837இல் இந்தப் பாதையிலிருந்து பர்மிங்காமுக்கும், 1838இல் பர்மிங்காமிலிருந்து லண்டனுக்கும் தொடர்பு கிடைத்தது. ஐரோப்பியக் கண்டத்தில் பெல்ஜியமும் பின்தொடர்ந்தது. 1835 மே 5இல் பிரஸ்ஸல்ஸ்–மெக்கலன் பாதை திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7இல் ஜெர்மனியில் நியூரெம்பெர்க்கிலிருந்து ஃபூர்த்துக்கு ஓடிய ‘ஆட்லர்’ எஞ்சின், ராபர்ட் ஸ்டீபன்சனின் நியூகாசில் பட்டறையில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டது; அதை ஓட்ட ஓர் ஆங்கிலேயரும் கூடவே போனார். எஞ்சினோடு ஸ்டீபன்சனின் தண்டவாள அகலமும் பயணம் செய்தது. சுரங்க வண்டிகளிலிருந்து வந்த நான்கடி எட்டரை அங்குலம், 1,435 மில்லிமீட்டர், இன்று உலகின் பெரும்பாலான பாதைகளின் அளவு. இந்தியாவின் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர்.

மான்செஸ்டரில் முதல் ரயில்கள் வந்து நின்ற லிவர்பூல் ரோடு நிலையம் 1844இல் பயணிகளுக்கு மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்படாமல், அருகே உள்ள 1830ஆம் ஆண்டுச் சரக்குக் கிடங்கோடு சேர்த்து அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தின் பகுதியாகக் காக்கப்படுகிறது. சாங்கி பாலமும் சாட் மாஸ் கரையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இப்போது அவற்றின் மேல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன.